மரத்தில் ஒரு கரிமீன்: புதிதாகச் செதுக்குகிறவர்களுக்கு

மர மீன் செய்யப் புதிதாக உட்காருகிறவர்கள் பலர் பலகையில் மீனின் வெளிக்கோட்டை வரைந்து, அறுத்து, ஓரத்தைக் கொஞ்சம் உருட்டிவிட்டு நேராக வண்ணத்துக்குப் போய்விடுகிறார்கள். பிறகு எவ்வளவு நல்ல வண்ணம் பூசினாலும் அது மீன் படம் ஒட்டிய பலகையாகவே நிற்கும். மீனை மீனாகக் காட்டுவது அதன் பருமன்தான். செவுளுக்குப் பின்னால் எவ்வளவு தடிப்பு, அங்கிருந்து வால் வரை எப்படி மெலிகிறது, முதுகு எங்கே அகலம், வயிறு எங்கே கூர்மை என்பதெல்லாம் மரத்தில் சரியாக வந்துவிட்டால் வண்ணம் பாதி வேலைதான். அதனால் இங்கே செதுக்கும் பகுதியைத்தான் அதிகமாகச் சொல்லப் போகிறேன்.

தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலை, பூவார் பக்கம் இருக்கிறவர்களுக்கு முதல் மீனாகக் கரிமீனைத்தான் சொல்வேன். கேரளம் 2010-இல் மாநில மீனாக அறிவித்தது இதைத்தான். காயலிலும் ஆறு கடலோடு சேரும் பொழிமுகத்திலும் வாழ்கிற மீன் என்பதால் நம் சந்தைகளுக்கும் வரும். செதுக்குகிறவருக்கு இதில் மூன்று வசதிகள் உண்டு. உடல் தட்டையானது, ஒன்றரை இஞ்சுப் பலகை போதும். முதுகுச் செட்டையும் (செட்டை என்றால் துடுப்பு) அடிச் செட்டையும் உடலோடு நீளமாக ஒட்டி ஓடுவதால் அவற்றைத் தனியாகச் செய்து ஒட்ட வேண்டியதில்லை. வால் பெரிதாகப் பிளவுபடாதது, முனை உடைகிற பயம் குறைவு. நெய்மீனும் சூரையும் பார்க்க அழகுதான். ஆனால் அவற்றின் பிறை போன்ற வாலும் வாலருகே இருக்கும் குட்டிச் செட்டைகளும் முதல் முயற்சிக்கு ஏற்றவை அல்ல.

மீனை வாங்கி அளந்துகொள்ளுங்கள்

படத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். பக்கவாட்டுப் படம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், மேலிருந்தும் முன்னாலிருந்தும் எடுத்த படம் கிடைப்பது அரிது. நமக்கு வேண்டியதோ அந்த இரண்டும்தான். காலையிலேயே சந்தைக்குப் போய், கண் தெளிவாக இருக்கும் மீன் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். செதிலைச் சுரண்டித் தரவா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மீனைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் தாளில் படுக்க வைத்து, செட்டைகளை விரித்துக் குண்டூசியால் நிறுத்தி, மார்க்கரால் சுற்றி வரையுங்கள். கண், செவுள் மூடி, மார்புச் செட்டை தொடங்கும் இடம் மூன்றையும் புள்ளி வைத்துக் குறியுங்கள். அடுத்து மீனின் தடிப்பை அளக்க வேண்டும். காலிப்பர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு அட்டைகளுக்கு நடுவே மீனைப் பிடித்து, இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் போதும். கண் இருக்குமிடம், செவுள் மூடியின் பின்விளிம்பு, உடலின் நடு, வால் தொடங்கும் இடம் என்று நான்கு இடங்களில் அளந்து, அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள். மேலிருந்தும் நேர் முன்னாலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செத்த மீனின் நிறம் சீக்கிரம் மங்கிவிடும், அதனால் நிறத்துக்காக எடுக்கும் படத்தை முதலில் எடுப்பது நல்லது. மூக்குத் துளையையும் கவனியுங்கள். கரிமீனும் திலாப்பியாவும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்து மீன்களுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு துளைதான், மற்றப் பல மீன்களுக்கு இருப்பதுபோல் இரண்டு கிடையாது. மீன் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களைத்தான்.

அளவெடுத்து முடிந்ததும் மீனை வாழையிலையில் வைத்துப் பொள்ளிக்கலாம், வீணாக வேண்டியதில்லை.

சந்தையில் கிடைக்கும் கரிமீன் 20 செ.மீ. இருந்தால், மர மீனை 25 செ.மீ. நீளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அளவையும் ஒன்றேகாலால் பெருக்கினால் சரியாக வரும். உண்மை அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்யும்போது உளிக்கு இடம் கிடைக்கும், சிறு பிழைகள் கண்ணை உறுத்தாது.

எந்த மரம்

குமிழ் மரம் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். எடை குறைவு, வெளிர் நிறம், உளிக்கு வழுவழுவென்று வழிவிடும், காய்ந்த பிறகு அதிகம் முறுக்காது. கதகளிக் கிரீடங்களை இந்த மரத்தில்தான் செதுக்குகிறார்கள். மெல்லிய வேலையை எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நம் பக்கம் மலிவாகக் கிடைப்பது ரப்பர் மரம். செதுக்கவும் நன்றாகவே வரும். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், பூச்சிக்கு மிகவும் பிடிக்கும். அறுத்த சில நாளிலேயே நீலப் பூசணமும் பிடிக்கும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பக்குவப்படுத்திய பலகையாகக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் வெட்டிப் போட்ட கட்டையை எடுத்துச் செதுக்கினால், மீனுக்குள்ளிருந்து மாவு கொட்டும் நாள் வெகுதூரத்தில் இல்லை.

வள்ளம் கட்டுகிற அயினி மரம் நீடித்து உழைக்கும், நிறமும் அருமை. ஆனால் அதன் நார் இங்கும் அங்கும் திரும்பி ஓடுவதால் புதியவர் கையில் பிய்ந்து வரும். பலாவும் தேக்கும் வண்ணம் பூசாமல் மர நிறத்திலேயே விடுகிற மீனுக்கு உகந்தவை. அவற்றை வாங்கி மேலே வண்ணம் பூசி மூடுவது எனக்குச் சம்மதமில்லை.

மரம் அறுக்கும் தடி மில்லில் கேட்டால் துண்டுப் பலகை தருவார்கள். 28 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம், 38 மி.மீ. கனம் இருந்தால் போதும். முடிச்சும் வெடிப்பும் இல்லாமல் பாருங்கள். பச்சை மரமாக இருந்தால் இரண்டு முனைகளிலும் மெழுகோ பழைய பெயின்ட்டோ தடவி, காற்றோட்டமான நிழலில் அடுக்கிவையுங்கள். முனைகளில் ஈரம் வேகமாகப் போவதால்தான் அங்கே வெடிக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது, மரம் காய்வதற்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களை நம்புங்கள். காய்ந்துவிட்டதா என்று தெரிய, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் தயார்.

கருவிகள்

அரை இஞ்சுப் பட்டை உளி ஒன்று, வாய் அரைவட்டமாக வளைந்த குழி உளி ஒன்று, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), செதுக்குக் கத்தி, ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் அரைவட்டமுமான மர அரம், மூன்று மூலை அரம், மெல்லிய இலை பூட்டிய வில் ரம்பம், இரண்டு கிளாம்ப். இவை போதும். பன்னிரண்டு உளி கொண்ட பெட்டியை இணையத்தில் பார்த்து வாங்க ஆசை வரும். அந்தப் பணத்தில் நல்ல உளி இரண்டும் ஒரு தீட்டுக்கல்லும் வாங்குங்கள்.

உளி கூர்மையாக இருந்தால்தான் ஆபத்து குறைவு. மழுங்கிய உளியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், அழுத்தித் தள்ளும்போதுதான் அது வழுக்கிக் கையில் பாயும். மர நாருக்குக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளவென்று இருந்தால் கூர்மை சரி. வெண்மையாகக் கசங்கியிருந்தால் மறுபடி தீட்டுங்கள். இடது கை எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்கட்டும்.

அறுப்பதற்கு முன்

மர நார் தலையிலிருந்து வாலுக்கு ஓடும்படி வரைபடத்தைப் பலகையில் வைத்துப் பிரதி எடுங்கள். குறுக்கே வைத்தால் வால் தண்டு, அதாவது உடல் ஒடுங்கி வாலோடு சேரும் இடம், ஒரே தட்டில் முறியும்.

பலகையின் இரண்டு பக்கமும் இன்னும் இணையாக இருக்கும் இந்த நேரத்திலேயே கண்ணின் நடுவில் 2 மி.மீ. துளையை நேராக, மறுபக்கம் வரை போட்டுவிடுங்கள். உடலை உருட்டிய பிறகு இரண்டு கண்ணையும் ஒரே மட்டத்தில் கொண்டுவருவது பெரும்பாடு. இந்த ஒரு துளை அந்தத் தொல்லையை முழுக்கத் தீர்த்துவிடும்.

பிறகு வில் ரம்பத்தாலோ ஜிக்சாவாலோ கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்தெடுங்கள். வயிற்றின் அடியில், பின்னால் தாங்கு கம்பி நிற்கப் போகிற இடத்தில், கைப்பிடி அளவுக் கட்டை ஒன்றைத் திருகாணியால் முடுக்குங்கள். வேலை முடியும்வரை கிளாம்ப் பிடிக்கப் போவது அந்தக் கட்டையைத்தான். மீனின் உடலில் கிளாம்ப் தடம் விழாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். கடைசியில் திருகாணித் துளையே கம்பித் துளை ஆகிவிடும்.

பருமன்

மூக்கில் தொடங்கி முதுகு, வால், வயிறு என்று சுற்றிவந்து மறுபடி மூக்கில் முடிகிற மாதிரி விளிம்பின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இதை நடுக்கோடு என்று வைத்துக்கொள்வோம். செட்டைகளின் விளிம்பிலும் இது ஓட வேண்டும். செதுக்கும்போது அழிந்தால் உடனே திரும்ப வரையுங்கள், இது இல்லாமல் ஒரு சீவல்கூட எடுக்காதீர்கள்.

இப்போது மீனை முதுகு மேலே இருக்கும்படி பிடித்து, மேலிருந்து பார்த்தால் தெரிய வேண்டிய வடிவத்தை வரையுங்கள். 25 செ.மீ. மீனுக்குச் செவுள் மூடியின் பின்விளிம்பில் 35 மி.மீ., கண்ணருகே 27, வால் தண்டில் 11, வால் விளிம்பில் 3 என்று வைத்துத் தொடங்கலாம். நீங்கள் அளந்த மீன் வேறு மாதிரி சொன்னால் மீனையே நம்புங்கள். அதிகப் பருமன் உடலின் நடுவில் வராது, அதற்கு முன்னாலேயே வந்துவிடும். நடுவில் பருமனை வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெலிந்து, எந்தப் பக்கம் தலை என்றே தெரியாத உருவம் ஆகிவிடும். புதியவர் கையில் இங்கேதான் அதிகம் தவறுகிறது.

முதலில் வால் பக்கம் இரு புறமும் சீவி ஒடுக்குங்கள். உளி எப்போதும் பருமனான இடத்திலிருந்து மெலிந்த இடம் நோக்கிப் போகட்டும். எதிர்த்திசையில் போனால் நாருக்குள் நுழைந்து பிளக்கும். உளி தடுக்கினால் எங்கள் பக்கத்து ஆசாரி ஒருவர் சொல்வார்: "மக்கா, பலம் போடாத, கட்டையத் திருப்பிப் போடு." உளி வேலையில் இதைவிடப் பயன்பட்ட பேச்சை நான் கேட்டதில்லை.

அடுத்து முகமும் தலையும். அப்புறம்தான் உருட்டுவது. நேராக உருண்டையாக்கப் பார்க்காதீர்கள். முதுகு விளிம்பிலும் வயிற்று விளிம்பிலும் சாய்வாக ஒரு பட்டை எடுங்கள். அந்தப் பட்டையால் உண்டான இரண்டு புது மூலைகளிலும் இன்னும் சிறு பட்டைகள் எடுங்கள். இப்படிப் பட்டை மேல் பட்டையாகப் போனால் இரண்டு பக்கமும் சமமாக வரும். வலப்பக்கம் ஒரு பட்டை எடுத்தால் உடனே இடப்பக்கமும் எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் அவை ஒருநாளும் பொருந்தாது. கரிமீனின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது. முதுகு, தலைக்குப் பின்னால் கொஞ்சம் அகலம், பின்னே போகப்போக ஒடுக்கம். வயிறு கீழே கூர்மையாகச் சேரும்.

அடிக்கடி விளக்குக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழும்போது உடலில் நிழல் மெதுவாக மாற வேண்டும். திடீரென்று நிழல் முறிந்தால் அங்கே மேடு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இரு கை விரல்களால் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தடவினாலும் வித்தியாசம் தெரிந்துவிடும். வண்ணமே இல்லாமல், எதிரே வருகிறவர் "கரிமீனா?" என்று கேட்கும்வரை இந்தப் படியை விட்டு நகராதீர்கள்.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் மேற்கூரையில் 90 தாமரைப் பூக்களை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். எந்த வண்ணமும் இல்லாமல் ஆழத்தாலும் நிழலாலும் மட்டும் அவை எப்படித் தெரிகின்றன என்று நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

செட்டையும் முகமும்

முதுகுச் செட்டை உடலைத் தொடும் கோட்டை இரு பக்கமும் வரைந்து, அதற்கு மேலே இருக்கும் மரத்தை 8 மி.மீ. கனத்துக்குக் குறையுங்கள். அங்கிருந்து விளிம்புக்கு வர வர 3 மி.மீ. ஆகட்டும். அதற்குக் கீழே போகாதீர்கள். நார் செட்டையின் அடிப்பகுதியை ஒட்டியே ஓடுவதால், மெலிந்தால் அடியோடு ஒடியும். விளிம்பில் மட்டும் கடைசியில் உப்புத்தாளால் மெல்லியதாக்கினால் முழுச் செட்டையும் மெல்லியதுபோலவே தோன்றும்.

கரிமீனின் முதுகுச் செட்டையில் முன்னால் 18 அல்லது 19 முட்கள், பின்னால் 14 அல்லது 15 மென்மையான கதிர்கள். மூன்று மூலை அரத்தின் ஓரத்தால் ஆழமில்லாத கோடுகளாக இழுங்கள். கோடுகள் பின்பக்கமாகச் சாய வேண்டும். முட்கள் இருக்கும் இடத்தில் விளிம்பு பல்பல்லாக, பின்னால் வழுவழுப்பாக வளைந்து முடியும். மார்புச் செட்டையையும் அதன் கீழே இருக்கும் இணைச் செட்டையையும் 4 மி.மீ. துண்டுகளில் தனியாகச் செய்து, வண்ணம் முடிந்தபின் ஃபெவிகாலால் ஒட்டலாம்.

செவுள் மூடியின் வளைவைக் கத்தி நுனியால் 2 மி.மீ. ஆழம் கீறி, கோட்டுக்குப் பின்புறம் இருக்கும் மரத்தைச் சரிவாகச் சீவுங்கள். மூடி உடலின் மேல் படிந்திருப்பதுபோல் தெரியும். வாய் சிறியது, பெரிதாகத் திறக்க வேண்டாம். கண்ணுக்கு, துளையை வைத்து வட்டமாகக் குழித்து, எம்-சீல் (பிசைந்து வைத்தால் இறுகும் பசை) உருண்டையை அழுத்தி வழவழப்பாக்கி வைத்தால் போதும். பொம்மைக் கண்ணாடிக் கண் கிடைத்தால் இன்னும் நல்லது.

செதில்? முதல் மீனில் செதுக்காதீர்கள், வண்ணத்தில் காட்டலாம். ஆசை விடவில்லை என்றால், சாய்சதுரக் கட்டங்களைப் பென்சிலால் மெல்ல வரைந்து, குழி உளியைச் செங்குத்தாக வைத்து மெதுவாக அழுத்தி அரைவட்டங்களைப் பதியுங்கள். ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்கியிருப்பதுபோல், ஒவ்வொரு செதிலின் வளைந்த விளிம்பும் வாலைப் பார்த்திருக்க வேண்டும்.

தேய்ப்பும் அடிப்பூச்சும்

80, 120, 220 எண் என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேயுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு. 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். மறுபடி 220 போட்டால் பிறகு வண்ணத்தின்போது எழாது. மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் இரண்டு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் பிறகு மெல்லிய தேய்ப்பு, அதன்மேல் வெள்ளை வுட் பிரைமர். வெள்ளை பூசியதும் இதுவரை தெரியாத பள்ளங்கள் தெரியும். அடைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

வண்ணம்

அக்ரிலிக் வண்ணம் போதும். வெள்ளை, கறுப்பு, காவி மஞ்சள், பளிச்சென்ற மஞ்சள், ஆலிவ் பச்சை, அடர் பழுப்பு, முத்துப் பளபளப்புத் தரும் பியர்ல் கலவை. நீரில் கரைத்து மெல்லியதாகப் பல முறை பூசுங்கள். கெட்டியாகப் பூசினால் பிளாஸ்டிக் பொம்மைத் தோற்றம் வந்துவிடும்.

வயிற்றில் வெளிர்ச் சாம்பல், பக்கத்தில் பச்சை கலந்த சாம்பல், முதுகில் அதன் அடர்ந்த நிறம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு தெரியாமல் மாற, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றுங்கள். அது காய்ந்தபின் உடலின் குறுக்கே, சற்றுச் சாய்வாக, எட்டுப் பட்டைகள் வரும். இதற்குக் கறுப்பை நேராக எடுக்காமல் பச்சையும் பழுப்பும் சேர்த்துக் கறுப்பாக்குங்கள். பட்டையின் ஓரம் கூர்மையாக இருக்கக் கூடாது, அதையும் ஸ்பாஞ்சால் உடையுங்கள்.

இனி முத்துப் புள்ளிகள். கரிமீனுக்குள்ள தனி அழகு இதுதான். உடலின் மேல்பாதியில் பெரும்பாலான செதில்களின் நடுவில் வெண்முத்துப் புள்ளி ஒன்று இருக்கும். பென்சிலால் செதில் வரிசையை லேசாகக் குறித்து, பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையை வெள்ளையும் பியர்லும் கலந்த வண்ணத்தில் தொட்டு வையுங்கள். வரிசை தப்பாமல் வைக்க வேண்டும், ஆனால் எல்லாப் புள்ளியும் ஒரே பருமனாக இருக்க வேண்டாம். தலை பக்கமும் வால் பக்கமும் சிறிதாகட்டும். வயிற்றுப் பக்கம் சில கரும்புள்ளிகள், ஒழுங்கில்லாமல். மார்புச் செட்டை மஞ்சள், அதன் அடியில் கன்னங்கரேலென்ற ஒரு திட்டு. மற்றச் செட்டைகள் கரும்பலகை நிறம். கண்ணின் பாவையைக் கடைசியாக வையுங்கள். இரண்டு பக்கமும் பார்வை ஒரே திசையில் இருக்கிறதா என்று முன்னாலிருந்து பாருங்கள்.

வார்னிஷை மழை நாளில் தொடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், முக்கியமாக லாக்கர் வகைகளில், வெள்ளைப் படலம் படர்ந்து அத்தனை வண்ணத்தையும் மூடிவிடும். வெயில் நாளில், நீரில் கரையும் பாலியூரித்தேன் மூன்று மெல்லிய பூச்சு. உடலுக்கு அரைப் பளபளப்பு, கண்ணுக்கு மட்டும் முழுப் பளபளப்பு.

நிறுத்துவது

பிடிகட்டையைக் கழற்றி, அந்தத் துளையை 5 மி.மீ.க்குப் பெரிதாக்கி, பித்தளைக் கம்பியைச் செருகுங்கள். பீடத்துக்குப் பூவார், பொழியூர் கடற்கரையில் ஒதுங்கும் கட்டைகள் பொருத்தமாக இருக்கும். ஆனால் அதை அப்படியே கொண்டுவந்து வைத்தால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைக் கழித்து, நன்றாகக் காயவைத்த பிறகே கம்பியை இறக்குங்கள். மீனின் மூக்கு கொஞ்சம் கீழே சாய்ந்து, அடியில் எதையோ மேய்வதுபோல் நின்றால் கரிமீனுக்குப் பொருந்தும்.

மேற்கு வெயில் நேரடியாக விழும் இடத்தில் வைக்க வேண்டாம். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும், ஈரத்துணி வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை பீடத்தின் கீழே மெல்லிய மாவு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூச்சி நுழைந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் பீடக் கட்டையில்தான் இருக்கும், உடனே மீனைக் கழற்றித் தனியே வையுங்கள்.

இரண்டாவது மீனுக்கு அயிலையை எடுக்கலாம். உடல் உருளை, ஆகவே இரண்டரை இஞ்சுக் கட்டை தேவைப்படும். இரண்டாம் முதுகுச் செட்டைக்குப் பின்னால் ஐந்தும் அடிச் செட்டைக்குப் பின்னால் ஐந்துமாகக் குட்டிச் செட்டைகள் வரும். அவற்றை மரத்தில் விட்டுச் செதுக்காமல், மெல்லிய மூங்கில் சீவலில் வெட்டிச் செருகுங்கள்.